நகரமைப்புப் பிரிவில் ஆள் இல்லை: இருக்கிற இரண்டு பேரை வைத்து ஓட்டுவது எப்படி

வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்துத்தான் அந்த ஒரு பக்க ஆணை வரும். பக்கத்து நகராட்சியில் கட்டட அனுமதி மனுக்களைப் பார்க்கும் நகரமைப்பு ஆய்வாளர் மாறுதலில் போய்விட்டார், மறு உத்தரவு வரும்வரை அந்த ஊரையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளவும். எனக்கு ஒருமுறை அந்த மறு உத்தரவு வருவதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை வாரத்தில் மூன்று நாள் ஓர் ஊர், இரண்டு நாள் இன்னோர் ஊர். இரண்டுக்கும் சேர்த்து நான், ஓர் இளநிலை உதவியாளர், ஒப்பந்தத்தில் வந்த ஒரு கணினி இயக்குபவர், அவ்வளவுதான்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்க 12,000-க்கும் மேற்பட்ட நகரமைப்பு வல்லுநர் பணியிடங்கள் தேவை, மாநிலங்களின் நகர் ஊரமைப்புத் துறைகளில் ஒப்புதல் ஆனதே 3,945, அதிலும் 42 சதவீதம் காலி. நம் ஊரில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. பேரூராட்சி நகராட்சியாகும், நகராட்சி மாநகராட்சியாகும் (2024 ஆகஸ்டில் மட்டும் திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை என்று நான்கு), சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைப்பார்கள், எல்லை ஒரே நாளில் விரியும். ஆட்கள் வருவது அப்புறம்தான், சில இடங்களில் ரொம்ப அப்புறம்.

ஆளைக் கொண்டுவருவது என் கையிலோ உங்கள் கையிலோ இல்லை. அதனால் இங்கே சொல்லப்போவது இருக்கிற ஆட்களின் நேரம் எங்கே போகிறது, அதை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பது மட்டும். என் அனுபவத்தில் கோப்புகளின் எண்ணிக்கை நம்மைக் கொன்றதில்லை. ஒரே கோப்பை ஐந்து தடவை, ஆறு தடவை எடுத்துப் படித்துத் திரும்ப வைக்கிறோமே, அதுதான் கொன்றது. கீழே இருப்பதெல்லாம் அதைக் குறைப்பதற்கான வழிகள்.

முதல் வாரம்: எதையும் முடிக்காதீர்கள், எண்ணுங்கள்

பொறுப்பு எடுத்தவுடன் கைக்கு வந்த கோப்பை எல்லாம் முடித்துத் தள்ளத் தோன்றும். வேண்டாம். ஒரு நீள நோட்டு வாங்கி, கட்டட அனுமதிக்கான ஒற்றைச்சாளர இணையதளத்தில் நிலுவையில் இருப்பவை, அலமாரியில் காகிதமாகக் கிடப்பவை, இரண்டையும் ஒன்று விடாமல் எழுதுங்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் வரும் தாள்களைப் பதியும் தன்பதிவேடு இருக்குமே என்பீர்கள். இருக்கும், ஆனால் ஆள் இல்லாத இருக்கையின் தன்பதிவேடு எந்த மாதத்தோடு நின்றிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே ஒரு விவரம் எழுதினால் போதும்: இது இப்போது யாருக்காகக் காத்திருக்கிறது? மனுதாரர் ஏதாவது தர வேண்டுமா, நகர அளவையர் எல்லை காட்ட வேண்டுமா, தீயணைப்புத் துறையோ நெடுஞ்சாலைத் துறையோ தடையின்மைச் சான்று தர வேண்டுமா, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறதா, ஆணையர் கையெழுத்தா, இல்லை உண்மையிலேயே நம் மேசையில்தான் இருக்கிறதா. நான் இப்படி எழுதி முடித்தபோது நூற்று நாற்பது சொச்சம் நிலுவையில் நம் மேசையில் இருந்தவை ஐம்பதைத் தொடவில்லை. மீதியைப் பற்றி நான் கவலைப்பட்டுக்கொண்டு இருந்தேனே தவிர, செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு கடிதம், ஒரு போன், அவ்வளவுதான்.

இந்த நோட்டு இன்னொரு விதத்திலும் உதவும். ஆய்வுக் கூட்டத்தில் "ஏன் இவ்வளவு நிலுவை?" என்று கேட்கும்போது, "ஆள் இல்லைங்க சார்" என்பதைவிட "நூற்று நாற்பதில் முப்பத்தெட்டு அளவையருக்காக நிற்கிறது சார்" என்றால் கேள்வி வேறு பக்கம் திரும்பும். அளவையருக்குக் கோபம் வரும், அது வேறு விஷயம். அவரும் மூன்று ஊரைப் பார்க்கிறவராகத்தான் இருப்பார்.

ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்

எனக்கு நன்றாக நினைவிருக்கிற ஒரு கோப்பு உண்டு. கீழே ஒரு கடை, மேலே ஒரு வீடு, சாதாரணக் கட்டடம். முதல் தடவை, வரைபடத்தில் உரிமையாளர் கையெழுத்து ஒரு தாளில் விட்டுப்போயிற்று என்று திருப்பினோம். வந்தது. இரண்டாம் தடவை, சாலை அகலம் காட்டவில்லை. காட்டினார்கள். மூன்றாம் தடவை, பட்டாவில் அப்பா பெயர், பத்திரத்தில் மகன் பெயர். அதற்கு அவர் தாலுகா ஆபீசுக்கு அலைந்து இரண்டு மாதம் கழித்து வந்தார். நான்காம் தடவை காலிமனை வரி ரசீது. ஐந்தாம் தடவை, அதற்குள் முதலில் பார்த்த ஆய்வாளர் மாறிப்போய்ப் புதிதாக வந்த நான், கட்டடத்துக்குப் பின்பக்கம் விட வேண்டிய இடைவெளி விதிப்படி இல்லை என்று கண்டுபிடித்தேன். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து அத்தனை கடிதங்களையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஐந்தும் எங்கள் அலுவலகக் கடிதங்கள், ஐந்திலும் ஒவ்வொரு வரி.

அவருக்குப் போன காலம் போகட்டும். நமக்கு ஆன செலவைக் கணக்குப் போடுங்கள். ஒரு கோப்பை விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால், எங்கே நிறுத்தினோம் என்று புரியவே இருபது நிமிடம் ஆகும். ஐந்து தடவை என்றால் நூறு நிமிடம், அதில் வேலை என்று ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் சட்டம் மாதிரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கோப்புக்கு ஒரு திருத்தக் கடிதம்தான். அதை எழுதும் முன் கடைசி வரை படித்தாக வேண்டும். முதல் குறையைப் பார்த்த உடனே திருப்பி அனுப்பினால் அன்றைய கணக்கில் "ஒன்று முடிந்தது" என்று ஏறும், மனசுக்கு நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் அது அடுத்த மாதம் திரும்ப வரும்.

படிக்கும் வரிசையையும் மாற்றுங்கள். நாம் வழக்கமாக ஆவணத்தில் தொடங்கி வரைபடத்தில் முடிப்போம். ஆள் குறைவாக இருக்கும்போது, கட்டடத்தையே மாற்றவைக்கக்கூடிய குறையை முதலில் தேடுங்கள்: மனை அங்கீகாரம் பெற்றதா, மாஸ்டர் பிளானில் நில உபயோகம் பொருந்துகிறதா, சாலை அகலம் போதுமா, இடைவெளியும் தளப்பரப்புக் குறியீடும் (மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குள் வருகிறதா. இதில் ஒன்று விழுந்தால் ரசீதும் கையெழுத்தும் சரியாக இருந்து பயனில்லை. புதிதாக இணைந்த ஊராட்சிப் பகுதியாக இருந்தால் முதல் கேள்வியை இரண்டு தடவை கேளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று ஊராட்சித் தலைவர் முத்திரை போட்ட ஒரு வரைபடத்தை நீட்டுவார்கள். அது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதியோ அதற்கு முன்போ உருவான மனை என்றால் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017-இன் வரன்முறை விதிகளின் கீழ் வாங்கிய ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டட வரைபடத்தை விரித்துப் பார்க்கவே வேண்டியதில்லை, அங்கேயே நிறுத்தி, காரணத்தைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள்.

பொறியாளர்களைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுங்கள்

ஒரு நடுத்தர ஊரில் வரும் மனுக்களில் பெரும்பகுதி ஆறேழு பதிவு பெற்ற பொறியாளர்கள் வழியாகத்தான் வரும். யார் யார் என்று இணையதளத்தில் பார்த்தாலே தெரியும். அவர்களைத் தனித்தனியாகத் திட்டுவதற்குப் பதில் ஒரு நாள் மூன்று மணிக்கு மொத்தமாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கடந்த ஆறு மாதத்தில் திருப்பி அனுப்பியதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். யார் பெயரும் போடவில்லை. அவரவர் தப்பு அவரவருக்குத் தெரிந்தது.

அன்று எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. அவர்களில் மூத்தவர் ஒருவர், "சார், போன ஆய்வாளர் சாலை அகலத்தை எஃப்.எம்.பி.-படி போடச் சொன்னார், அதுக்கு முந்தியவர் நேரில் அளந்தபடி போடச் சொன்னார், நீங்க எதைக் கேக்கறீங்க?" என்றார். எஃப்.எம்.பி. என்பது அரசின் நில அளவை வரைபடம். நியாயமான கேள்வி. இரண்டையும் காட்டுங்கள், வித்தியாசம் இருந்தால் அதை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள் என்று சொன்னேன், ஒரு பக்கச் சுற்றறிக்கையாக எழுதி ஆணையர் கையெழுத்து வாங்கிச் சுவரிலும் ஒட்டினேன். சாலை அகலத்துக்காகக் கோப்பு திரும்புவது அத்தோடு கிட்டத்தட்ட நின்றுபோனது. பாதிக் குறைகள் நாம் ஆளுக்கொரு மாதிரி கேட்பதால் வருபவை என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. டீ நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் வாங்கிக் கொடுக்கவிடாதீர்கள்.

களத்துக்குப் போகும் நாளைக் கட்டிப்போடுங்கள்

கள ஆய்வுதான் நேரத்தை அதிகம் தின்னும். மனு வர வர, கூப்பிட கூப்பிடப் போனால் ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான் முடியும், மீதி நேரம் வெயிலில் வண்டியில்.

வார்டு வாரியாகப் பிரியுங்கள். செவ்வாய் காலை கிழக்கு வார்டுகள், வியாழன் காலை மேற்கு. அறிவித்துவிடுங்கள், மாற்றாதீர்கள், கவுன்சிலர் கேட்டாலும் மாற்றாதீர்கள். காலை ஏழு மணிக்கு இறங்கினால் பத்தரைக்குள் ஆறேழு இடம் பார்க்கலாம். அந்த நேரத்தில் உரிமையாளரும் வீட்டில் இருப்பார், தெருவில் வண்டிகளும் குறைவு.

கையில் முப்பது மீட்டர் டேப், எஃப்.எம்.பி. நகல், வரைபடம், ஒரு சாக்பீஸ். அளப்பதில் எந்த வரிசை என்றால், முதலில் சாலை. வரைபடத்தில் 23 அடி என்று இருக்கும். போய்ப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரர் இரண்டு படி கட்டி, அதற்கு மேல் ஒரு சாய்தளம் போட்டு, துளசி மாடமும் வைத்திருப்பார், இந்தப் பக்கம் சாக்கடைக்கு மேல் பலகை போட்டு யாரோ பெட்டிக்கடை, நடுவில் மிஞ்சுவது 16 அடி. மதில்சுவர் முதல் மதில்சுவர் வரை ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற ரோட்டின் அகலம் ஒன்று, இரண்டையும் எழுதி, டேப்பை விரித்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மனையின் முகப்பில் மட்டும் அளக்காமல் தெருமுனையிலும் ஒரு தடவை அளந்துவிடுங்கள், சந்தேகம் பின்னால் அங்கேதான் வரும். அப்புறம் மனையின் நான்கு பக்கம், மூலைவிட்டம் இரண்டு. மூலைவிட்டம் அளக்காமல் வந்தால் கோணல் மனை உங்களை ஏமாற்றும், நான் ஏமாந்திருக்கிறேன். கிணறு, உயர் அழுத்த மின்கம்பி, ஓடைப் புறம்போக்கு பக்கத்தில் இருந்தால் தனியாக ஒரு படம்.

குறிப்பு எழுதுவதை அலுவலகம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளாதீர்கள். அங்கேயே, வண்டி சீட்டில் தாளை வைத்து நான்கு வரி எழுதுங்கள். மூன்றாவது இடத்துக்குப் போகும்போதே முதல் இடத்தின் பக்க அளவு மறந்துவிடும். அலுவலகத்தில் எழுதலாம் என்று விட்டால் திரும்ப ஒருமுறை போக வேண்டி வரும்.

2024 ஜூலை 22-இல் வந்த சுயசான்றுத் திட்டம் நமக்கு உண்மையிலேயே ஒரு மூச்சு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டும் வீட்டுக்கு மனுதாரரே சான்றளித்துக் கட்டணம் கட்டி உடனடியாக அனுமதி எடுத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே நாம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்த அளவுக்குள் வரும் வீட்டை இன்னும் பழைய வழியில் போட்டுக்கொண்டிருக்கும் பொறியாளர் யாராவது இருந்தால் உட்காரவைத்து ஏன் என்று கேளுங்கள். அளவு விதிக்குள் வராதது தெரிந்தே போடுகிறார்களா, பழக்கதோஷமா என்பது அப்போது தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மேலே இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எளிய கோப்புகள் போய்விட்டால் எண்ணிக்கை குறையும், ஆனால் மிஞ்சுவதெல்லாம் கடை, கல்யாண மண்டபம், அடுக்குமாடி, தகராறு மனை. "உங்களிடம் கோப்பே இல்லையே, ஒரு ஆளை வரி வசூலுக்குத் தருகிறீர்களா" என்று கேட்பார்கள். தராதீர்கள்.

"என் ஃபைல் என்ன ஆச்சு?"

ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், எங்கள் அலுவலகத்தில் வந்த ஆட்களில் பெரும்பாலானவர்கள் கேட்டது இந்த ஒரே கேள்வி. பதில் சொல்ல இரண்டு நிமிடம், ஆனால் நடுவில் விட்ட கோப்புக்குத் திரும்ப இருபது நிமிடம் என்று மேலே சொன்னேனே, அது இங்கேயும் உண்டு.

பார்வையாளர் நேரம் மூன்று முதல் ஐந்து வரை என்று வைத்து, காலையில் கதவைச் சாத்தினோம். முதல் பத்து நாள் சண்டைதான். அதன் பிறகு அடங்கியதற்குக் காரணம், கதவுக்கு வெளியே தினமும் காலை ஒரு பட்டியல் ஒட்டியதுதான்: விண்ணப்ப எண், இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும். இணையதளத்திலும் நிலையைப் பார்க்கலாம்தான், ஆனால் அங்கே "பரிசீலனையில்" என்று இருந்தால் ஜனங்களுக்கு அது பதிலாகத் தெரிவதில்லை. "கள ஆய்வு வியாழன் 14-வது வார்டில்" என்று எழுதியிருந்தால் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

கவுன்சிலர்கள் விஷயம் தனி. அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அவர்கள் வார்டில் நிலுவையில் இருப்பவற்றின் பட்டியலை மாதம் ஒருமுறை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்பதற்கு முன்பே கொடுத்தால் போன் பாதியாகக் குறையும். விதிக்கு வராத ஒன்றைச் செய்யச் சொன்னால் வாயால் மறுத்துக்கொண்டு நிற்காமல், "அண்ணே, எந்த விதியில முடியாதுன்னு எழுதியே கொடுத்துடறேன், நீங்க அவர்கிட்ட காட்டிடுங்க" என்பேன். அவருக்கும் வேண்டியது தன்னிடம் வந்த ஆளுக்குச் சொல்ல ஒரு பதில்தான்.

புகார், வழக்கு, நோட்டீஸ்

ஆள் குறைவான பிரிவை மொத்தமாகச் சாய்ப்பது இதுதான், ஏனென்றால் இதற்கெல்லாம் தேதி உண்டு. தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள், உயர் நீதிமன்ற வழக்குக்கு அடுத்த வாய்தா, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் மனுவுக்கு கலெக்டர் ஆபீசிலிருந்து போன். இவற்றை மட்டும் சுவர் காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள், கணினியில் வேண்டாம், எல்லார் கண்ணிலும் பட வேண்டும். தகவல் உரிமை மனுக்களில் பாதி ஒரே மாதிரிக் கேள்விதான். வழங்கிய அனுமதிகளின் பட்டியலையும் அங்கீகரித்த மனைப்பிரிவுகளின் பட்டியலையும் அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறபடி தாமாகவே வெளியிட்டுவிட்டால் அவற்றில் பல வராது.

விதிமீறல் புகாரில் வந்த வரிசைப்படி போனால் தோற்பீர்கள். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் முதலில், முடிந்து குடியிருக்கும் கட்டடம் அப்புறம். அஸ்திவாரத்தில் இருக்கும்போது நிறுத்தினால் ஒரு நோட்டீஸோடு போகும், சென்ட்ரிங் அடித்து கான்கிரீட் போட்டுவிட்டால் மூன்று வருடம் உங்களோடு வரும். பத்து வருடமாக இருக்கும் வீட்டின் சன்ஷேடு மேல் பக்கத்து வீட்டுக்காரர் போடும் புகார் பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீர்த் தகராறோ பாகப்பிரிவினையோதான். அதையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் இன்றைக்கே வேண்டியதில்லை.

நோட்டீஸை ஒழுங்காகக் கொடுங்கள். இதில் நான் பட்ட அடி இது. ஓர் ஊரில் அவசரத்தில், உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார் என்று வாடகைக்கு இருந்தவரிடம் நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவந்துவிட்டோம். கதவில் ஒட்டவில்லை, சாட்சி இல்லை, பதிவுத் தபாலும் போடவில்லை, ஆள் இல்லாததால் அன்றைக்கே இன்னும் நான்கு இடம் போக வேண்டியிருந்தது. நோட்டீஸே எனக்கு வரவில்லை என்று அவர் நீதிமன்றம் போனார், ஆணை ரத்தானது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போய் ஒன்றரை வருடம் அந்தக் கோப்பு என் மேசையில் இருந்தது. 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57-ஆவது பிரிவு நோட்டீஸ்களுக்கான மாதிரிப் படிவத்தைச் சட்ட ஆலோசகரிடம் ஒரே தடவை சரிபார்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாதீர்கள். இடிப்பு வரை போவதாக இருந்தால் 2024 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும்: குறைந்தது 15 நாள் அவகாசம் (உள்ளூர்ச் சட்டத்தில் அதிகம் இருந்தால் அது), பதிவுத் தபால், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு. சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

யாரைக் கடன் வாங்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

ஊரில் புதுக் கட்டடம் எழும்புவது முதலில் தெரிவது நமக்கில்லை, வரி வசூலிப்பவருக்கு. அவர் தினமும் தெருவில் இருக்கிறார். வருவாய் ஆய்வாளரிடம் பேசி, மணல், ஜல்லி இறங்கிய இடத்தை ஒரு போட்டோவோடு வாட்ஸ்அப்பில் போடச் சொன்னோம். அவ்வளவுதான் கேட்டோம், அளக்கவோ விசாரிக்கவோ சொல்லவில்லை. புதிய வரிவிதிப்பு அவர்களுக்கும் வேண்டும் என்பதால் சலித்துக்கொள்ளவில்லை. துப்புரவு மேற்பார்வையாளர்களும் சொன்னார்கள், கட்டட இடிபாட்டைத் தெருவில் கொட்டுவது அவர்களுக்குத்தானே தலைவலி.

நகரமைப்பு, கட்டடவியல் படிக்கும் மாணவர்கள் கோடையில் பயிற்சிக்கு வருவார்கள். பழைய மனைப்பிரிவு வரைபடங்களை ஸ்கேன் செய்து சர்வே எண் வாரியாக அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரு மாதம் உட்கார்ந்தால், அப்புறம் நீங்கள் ஒவ்வொரு தடவையும் அலமாரியில் அரை மணி நேரம் தூசி தட்ட வேண்டாம். கள ஆய்வுக்குக் கூட வரட்டும், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆய்வறிக்கை எழுதுவது மட்டும் உங்கள் வேலை.

கொடுக்கவே கூடாத ஒன்று உங்கள் கடவுச்சொல்லும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியும். இரண்டு ஊர் பார்க்கும்போது "நீயே போட்டுவிடுப்பா" என்று அந்த டோங்கிளைக் கணினி இயக்குபவரிடம் விட்டுப்போகும் பழக்கம் நிறைய இடத்தில் உண்டு. அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கட்டும். நீங்கள் பக்கத்து ஊரில் இருந்த நேரத்தில் இங்கே உங்கள் கையெழுத்தில் ஓர் அனுமதி போயிருந்தால், விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அவன் ஒப்பந்தம் அதற்குள் முடிந்திருக்கும்.

மேலிடத்துக்கு எழுதும் கடிதம்

"பணிச்சுமை அதிகமாக உள்ளதால் கூடுதல் பணியாளர் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற கடிதத்தை ஒவ்வொரு நகராட்சியும் எழுதுகிறது, ஒவ்வொரு மண்டல இயக்குநர் அலுவலகத்திலும் அதற்கென்று ஒரு கட்டு இருக்கிறது. பணம் பற்றி எழுதினால்தான் படிப்பார்கள். அனுமதி வழங்காமல் நிற்கும் கோப்புகளில் வர வேண்டிய வளர்ச்சிக் கட்டணம், கட்டட உரிமக் கட்டணம், புதிய வரிவிதிப்பு எவ்வளவு என்று கோப்பு வாரியாகக் கூட்டி ஒரு தொகை காட்டுங்கள். அதற்குக் கீழே, எந்தப் பணியிடம் எந்த மாதத்திலிருந்து காலி, ஒரே ஒரு ஆளை வாரத்துக்கு இரண்டு நாள் மாற்றுப்பணியில் தந்தால் எதை முடிப்பீர்கள் என்றும் எழுதுங்கள். மூன்று ஆள் கேட்டு ஒன்றும் வராததைவிட, இரண்டு நாள் கேட்டு ஒரு நாள் வந்தது எனக்கு.

அதோடு, இப்போதைக்கு எதைச் செய்ய முடியாது என்பதையும் எழுதி ஆணையரிடம் ஒப்பம் வாங்கிவிடுங்கள். பழைய மனைப்பிரிவுகளின் பூங்கா இடங்களை மறுஅளவை செய்வது இந்த ஆறு மாதம் நடக்காது, புதிய கட்டடங்களும் நீதிமன்றத் தேதிகளும் மட்டும்தான் நடக்கும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஆணையருக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் வந்து அதே விஷயத்தைக் கேட்டபோது அந்த ஒரு தாள்தான் காப்பாற்றியது. எழுதாமல் விட்ட வேலைக்கு அலட்சியம் என்று பெயர் வைப்பார்கள்.

கடைசியாக, நீங்களும் ஒரு வெள்ளிக்கிழமை மாறுதலில் போவீர்கள், பெரும்பாலும் பொறுப்பை ஒப்படைக்க எதிரில் ஆள் இருக்காது. அதனால் அந்த நீள நோட்டை எடுத்துப்போகாதீர்கள். முதல் பக்கத்தில் அடுத்த மூன்று வாய்தா தேதிகள், எந்தப் பொறியாளரின் அளவை நம்பலாம், எந்தத் தெருவில் எந்தப் பிரச்சினை, சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையின் நகல் எந்தக் கோப்பில், டேப்பும் அலமாரிச் சாவியும் யாரிடம் என்று எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, இளநிலை உதவியாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.